பிரசவ அறையில் உங்களிடம் யாராவது கேட்டார்களா?

நொய்யல்கரை (திருப்பூர்)

எனக்கு இப்போது ஏழாவது மாதம். இரண்டாவது குழந்தை. வீட்டில் வளைகாப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எனக்கோ ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. வலியை நினைத்துப் பயமில்லை. முதல் பிரசவத்தில் என்னை நடத்திய விதம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு தனியார் மருத்துவமனை. இரவு பதினோரு மணிக்குப் பனிக்குடம் உடைந்து ஓடினோம். அம்மாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் ஆறு மணி நேரம், குழந்தையின் துடிப்பைப் பார்க்கும் பெல்ட்டை வயிற்றில் கட்டி, மல்லாக்கவே கிடந்தேன். ஒருக்களித்துப் படுக்கட்டுமா என்று கேட்டதற்கு, "அசையாதே, பெல்ட் கழண்டுடும்" என்றார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டது, தண்ணீர் தரவில்லை. வலி முற்றிக் கத்தியபோது அங்கிருந்த ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அன்னைக்குச் சந்தோஷமா இருந்துச்சுல்ல, இன்னைக்கு எதுக்கு இந்தக் கத்து கத்துற?"

கீழே வெட்டினார்கள். வெட்டப் போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். நாள் முழுக்கப் பிசிறு வெட்டும் கத்தரி கையில் இருக்கும். கத்தரி எதையோ கடித்து வெட்டுகிற சத்தம் கேட்டதும், அது என் உடம்பு என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. எத்தனை தையல் என்று கேட்டேன். "அதெல்லாம் உனக்கெதுக்கு?" ஒரு மாதம் நேராக உட்கார முடியாமல், ஒரு தொடையில் சாய்ந்துதான் பால் கொடுத்தேன்.

இந்த முறை முன்கூட்டியே டாக்டரிடம் பேசலாமா? பேசினால், அதிகம் படித்தவள் என்று ஒதுக்கிவிடுவார்களா? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

வேப்பங்கொழுந்து (உசிலம்பட்டி)

கண்ணு, உன் கஷ்டம் புரிகிறது. ஆனால் எனக்கு வயது அறுபத்தெட்டு, என் பக்கத்தையும் கேள். என் அம்மாவுக்குப் பிறந்தது ஒன்பது, தங்கியது ஐந்து. கடைசிப் பிரசவத்தில் உதிரம் நிற்காமல் மாட்டுவண்டியில் ஏற்றிப் போனார்கள். பிழைத்தது தெய்வச் செயல். நான் பிள்ளை பெற்றபோது ஆஸ்பத்திரியில் திட்டினார்கள்தான். உயிரோடு திரும்பினால் போதும் என்று வாங்கிக்கொண்டேன். தாயும் பிள்ளையும் நலம் என்றால் மற்றதெல்லாம் மறந்துபோகும்.

நொய்யல்கரை

அம்மா, நீங்கள் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் எனக்கு மறக்கவில்லையே. என் மகனின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் முந்தின ராத்திரி அந்த அறைதான் கண்முன் வருகிறது. அவன் பிறந்த நாளை நினைத்து நான் சந்தோஷப்பட வேண்டாமா?

இரவுப்பணி (தஞ்சாவூர்)

நான் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். பதினெட்டு வருஷமாக லேபர் வார்டு. முதலில், நீ கேட்டது அந்த வார்த்தைதான் என்றால் அதற்கு மன்னிப்பே கிடையாது. அந்த வசனத்தை நானும் என் காதால் கேட்டிருக்கிறேன். ஆரம்ப காலத்தில் எதிர்த்துப் பேசாமல் நின்றிருக்கிறேன். இப்போது என் ஷிஃப்டில் யாரும் சொல்ல விடுவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவை உள்ளே வைத்துக்கொள்வதை யாரோ மனமிரங்கிச் செய்யும் தயவு என்று நினைக்காதே. பிரசவத் துணை உடனிருக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகமே 2016 பிப்ரவரியில் அரசு மருத்துவமனைகளுக்குச் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே இந்தப் பழக்கம் தொடங்கிவிட்டது. துணைக்கு வருபவர் பிள்ளை பெற்ற பெண்ணாக இருக்க வேண்டும், தொற்றுநோய் இருக்கக்கூடாது, சுத்தமான துணி உடுத்தியிருக்க வேண்டும், நாங்கள் செய்யும் வேலையில் குறுக்கிடக் கூடாது. கட்டில்களுக்கு நடுவில் மறைப்பு இருந்தால் கணவரையும் அனுமதிக்கலாம். நடைமுறையில் நெரிசலைக் காரணம் காட்டி வெளியே நிறுத்துவது உண்டு. அப்போது சண்டை போடாமல், "பிரசவத் துணை இருக்கலாம் என்று உத்தரவு இருக்கிறதே சிஸ்டர்" என்று சொல்லிப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் கதவு திறந்துவிடும்.

மல்லாக்கப் படுக்கவைப்பது எங்கள் வசதிக்காக. நடப்பது, குந்துவது, ஒருக்களிப்பது எல்லாமே வலியைத் தாங்க உதவும். சிக்கலில்லாத பிரசவத்தில் தண்ணீர், கஞ்சி, இளநீர் குடிக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இதெல்லாம் இருக்கிறது. எல்லோருக்கும் வழக்கமாக வெட்டுப் போடாதே, வயிற்றை மேலிருந்து அமுக்காதே, இனிமா கொடுக்காதே, சவரம் செய்யாதே என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பயிற்சியிலும் இதைச் சொல்கிறார்கள். பயிற்சி முடிந்து வார்டுக்கு வந்தால், ஒரு இரவில் பன்னிரண்டு பிரசவம், நாங்கள் இரண்டு பேர். நியாயப்படுத்தவில்லை. உன்னை யாரும் பகைத்துக்கொண்டு அப்படிச் செய்யவில்லை என்பதைச் சொல்கிறேன். ஆள் பற்றாத இடத்தில் முதலில் காணாமல் போவது நல்ல வார்த்தைதான்.

மல்லிப்பந்தல்

இதை எங்கே சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்து ஒன்றரை வருஷம் கழித்து அடிவயிற்றில் வலி, மாதம் இரண்டு தடவை தீட்டு. ஸ்கேன் எடுத்த இடத்தில் "காப்பர்-டி நகர்ந்திருக்கு" என்றார்கள். எந்தக் காப்பர்-டி? யார் வைத்தது? பிரசவம் முடிந்த கையோடு, கருத்தடைக்காக வைத்திருக்கிறார்கள். என்னிடம் சொல்லவில்லை, என் அம்மாவிடம் சொல்லவில்லை. மூன்றாவது குழந்தைக்கு முயற்சி செய்து ஒன்றும் நிற்கவில்லை என்று கோயில் கோயிலாக அலைந்தேன். மாமியார் ஒரு வார்த்தை சொல்லாத நாள் இல்லை. காரணம் என் உடம்புக்குள்ளேயே இருந்திருக்கிறது.

இரவுப்பணி

மல்லி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டேன். விதிப்படி கர்ப்பகாலப் பரிசோதனையின்போதே விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் வைக்க வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம். வைத்த பிறகும் எந்த அரசு மருத்துவமனையிலும் எடுத்துவிடச் சொல்லலாம், யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கியதும் அங்கேயே உட்கார்ந்து முழுக்கப் படியுங்கள். 'பி.பி.ஐ.யு.சி.டி.' என்று எழுதியிருந்தால் அது காப்பர்-டி.

கடல்காற்று (நாகர்கோவில்)

குடும்பக் கட்டுப்பாடு என்றாலே பெண்ணைத்தான் மேசையில் ஏற்றுகிறார்கள். நம் மாநிலத்தில் கல்யாணமான பெண்களில் பாதிக்கும் மேலே கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேற மாட்டார். ஆண்களுக்குப் பத்து இருபது நிமிஷ வேலை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். என் கணவரிடம் சொன்னேன், ஆறு மாதம் யோசித்துவிட்டுப் போய்ச் செய்துகொண்டார். இதை வெளியே சொல்லக்கூடாது என்று என் மாமியார் சத்தியம் வாங்கினார். இங்கே சொல்லிவிட்டேன்.

பிறைநிலா

நான் மகப்பேறு மருத்துவர். பேச வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் நொய்யல்கரையின் கேள்விக்கு மருத்துவர் ஒருவர் பதில் சொல்ல வேண்டும்.

குழந்தையின் இதயத்துடிப்பு சட்டென்று இறங்கும்போதும், குழந்தையை எடுக்க ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கி போடும்போதும் வெட்டு தேவைப்படலாம். அது உயிரைக் காப்பாற்றும். ஆனால் தலைப்பிரசவம் என்றாலே வெட்டு என்று நாங்கள் கற்றுக்கொண்டது பழக்கத்தால் வந்தது. சீனியர் செய்தார், நாங்களும் செய்தோம். நானும் பல வருடம் கேட்காமல் செய்திருக்கிறேன். "அம்மா, குழந்தை சீக்கிரம் வெளியே வரணும், ஒரு சின்ன வெட்டுப் போடறேன், மரத்துப்போக ஊசி போட்டிருக்கேன்" என்று சொல்லப் பத்து நொடி போதும். அந்தப் பத்து நொடியை நான் கொடுக்காத பெண்களை இப்போது நினைக்கிறேன்.

வேப்பங்கொழுந்து அம்மா சொன்னதையும் தள்ளிவிடாதீர்கள். 2018–20 கணக்கில், உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. ஆரம்ப சுகாதார நிலையமும் 108-ம் ரத்த வங்கியும் சேர்ந்து கொண்டுவந்த குறைவு இது. ஒரு தாய் இறந்தால் எங்களைச் சுற்றி ஐம்பது பேர் கூடுவார்கள். அந்தப் பயத்தில்தான் பல கத்திகள் சீக்கிரம் எடுக்கப்படுகின்றன. தேசியக் குடும்பநல ஆய்வு 2019–21-இல் தமிழ்நாட்டில் சிசேரியன் 44.9 சதவீதம். தனியாரில் 63.8, அரசில் 36. எங்கள் மாநிலப் பெண்களின் இடுப்பு மட்டும் இவ்வளவு மோசமாகவா இருக்கும்? பயமும் பணமும் நேரமும் சேர்ந்த கணக்கு இது.

எழுதிக் கொண்டு வாருங்கள், கேளுங்கள். அவசரம் என்று நாங்கள் சொல்லும்போது மட்டும் நம்புங்கள்.

நொய்யல்கரை

நன்றி டாக்டர். அவசரம் என்றால் நம்புவேன். அப்போதும் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வரி சொல்லுங்கள், போதும். அன்றைக்கு யாருக்கும் என் பேர் தெரியாது. "மூணாம் பெட்" என்றுதான் கூப்பிட்டார்கள்.

சித்திரைவெயில் (சென்னை)

சிசேரியன் சதவீதத்தைப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். நான் கேட்டு வாங்கிச் செய்துகொண்டவள். என் அக்காவின் பிரசவத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகு, சுகப்பிரசவம் என்ற வார்த்தையைக் கேட்டாலே கை நடுங்கும். நல்லது கெட்டது எல்லாம் தெரிந்துதான் முடிவெடுத்தேன். இன்றைக்கும் உறவுக்காரர்கள், "வலி தாங்காதவ, வெட்டி எடுத்துக்கிட்டா" என்கிறார்கள். வயிற்றைக் கிழித்துத் தைத்த மூன்றாம் நாள் எழுந்து நடந்து பால் கொடுத்தேன். இதில் வலி எங்கே குறைந்தது?

கார்த்திகைப்பூ (கும்பகோணம்)

எனக்கு நேர்மாறு. எனக்கு எந்தச் சிக்கலும் இல்லை, வலிக்குக் காத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மாமனார் ஜோசியரிடம் போய், குழந்தை எந்த நட்சத்திரத்தில் பிறந்தால் யோகம் என்று குறித்துக்கொண்டு வந்தார். காலை 6 மணி 10 நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். டாக்டரிடம் பேசி முடித்துவிட்டுத்தான் எனக்குச் சொன்னார்கள். கட்டில் தள்ளிக்கொண்டு போகும்போது எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள், ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சித்திரைவெயில், உங்களுக்கும் எனக்கும் ஒரே ஆபரேஷன்தான். நீங்கள் அதை நிம்மதியாகச் சொல்கிறீர்கள், என்னால் முடியவில்லை.

வண்டிக்காரன் (சேலம்)

ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை. என் மனைவியின் பிரசவத்தன்று ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினார்கள், பதினொரு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். எதையும் படிக்கவில்லை. அவள் உள்ளே முழு நினைவோடு இருந்தாள், அவளிடம் ஒரு தாளும் போகவில்லை. அவள் உடம்புக்கு நான் எதற்குக் கையெழுத்துப் போட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

கறுப்புக்கோட்டு (மதுரை)

வண்டிக்காரன், தாராளமாக எழுதுங்கள். வயது வந்த, நினைவோடு இருக்கும் பெண்ணுக்கு அவள் சம்மதம்தான் சம்மதம். 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்த பெண்ணுக்கு, வெளியே இருந்த அவருடைய அம்மாவிடம் கேட்டுவிட்டுக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அவசரம் எதுவும் இல்லை, அந்தப் பெண் மயக்கம் தெளியும்வரை காத்திருந்திருக்கலாம், அம்மாவின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். பெற்ற தாயே கொடுத்த சம்மதம் செல்லாதபோது கணவர் கொடுத்தது மட்டும் எப்படிச் செல்லும்? கருக்கலைப்புச் சட்டத்திலும் பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டுமே போதும். கணவர் கையெழுத்தில்லாமல் முடியாது என்று சொன்னால், அது மருத்துவமனை தன் பாதுகாப்புக்கு வைத்துக்கொண்ட வழக்கம்.

தும்பைப்பூ

இவ்வளவு அவமானப்படுவதற்கு வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாமே? இயற்கையாகப் பிறக்கிற குழந்தைக்கு எதற்கு மருத்துவமனை?

பிறைநிலா

வேண்டாம். 2018-இல் திருப்பூரிலேயே வீடியோ பார்த்து வீட்டில் பிரசவம் நடத்தி ஒரு இளம் தாய் இறந்துபோனார். பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு தொடங்கினால் கையில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. சில நாடுகளில் வீட்டுப் பிரசவம் நடக்கிறதென்றால், அங்கே பிரசவம் பார்ப்பதற்கென்றே பல வருடம் படித்த மருத்துவத் தாதி (மிட்வைஃப்) உடனிருப்பார், ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். நம் ஊரிலும் 2018-இல் மத்திய அரசு மருத்துவத் தாதியர் பயிற்சித் திட்டம் கொண்டுவந்தது, நர்ஸ்களுக்கு 18 மாதப் பயிற்சி. தெலங்கானா மாநிலம் இதில் முன்னால் போய்விட்டது. நமக்கு வேண்டியது மருத்துவமனைக்குள்ளேயே அப்படிப்பட்ட ஆட்கள்.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்)

எங்கட பக்கத்தில ஒரு நல்ல பழக்கம் இருக்கு, அதை எழுதத்தான் வந்தன். கர்ப்பம் என்று பதிஞ்ச நாளில இருந்து அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது மருத்துவிச்சி, வீட்டுக்கு வருவா. பிள்ளை பிறந்து முதல் பத்து நாளுக்குள்ள இரண்டு தரமாவது வந்து தையலைப் பார்ப்பா, பால் குடிக்கிறதைப் பார்ப்பா. எனக்கு வந்தவ முதல் வேலையா எல்லாரையும் அறையை விட்டு வெளியில அனுப்பிப்போட்டு, "நித்திரை கொள்றீங்களோ? மனசு எப்பிடி?" என்று கேட்டா. நான் அழுதுபோட்டன். ஆஸ்பத்திரியில ஏச்சு வாங்கினது இங்கயும் இருக்கு, அதை மறைக்கேல்லை.

தாழம்பூ

பனங்கூடல் எழுதியதைப் படித்ததும் எனக்கும் சொல்ல வேண்டும்போல இருக்கிறது. தலைப்பிரசவம், அம்மா வீடு, நாற்பது நாள். பச்சை உடம்பு என்று தண்ணீர் அளந்து கொடுத்தார்கள், ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர். பிரசவ லேகியம், பூண்டுக் குழம்பு, இடுப்பில் இறுக்கக் கட்டிய சேலை. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது "பால் இருக்கா?" பால் குறைவாக இருந்தது. தண்ணீரே குடிக்காமல் வலியும் தூக்கமின்மையுமாகக் கிடக்கிறவளுக்கு எப்படி ஊறும்? பத்தாம் நாளிலிருந்து குழந்தை அழுதால் எழுந்து போகவே மனம் வரவில்லை. இரண்டாம் மாதத்தில், கிணற்றடிக்குப் போகும்போது காலை எடுத்து வைக்கவே பயந்தேன். அம்மாதான் கவனித்து டாக்டரிடம் அழைத்துப் போனார். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு, மருந்து இருக்கிறது, பால் கொடுத்துக்கொண்டே எடுக்கிற மருந்தும் உண்டு என்றார் அந்த டாக்டர். எட்டு மாதத்தில் சரியானேன். யாருக்காவது இப்படி இருந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், எந்நேரமும் தமிழிலேயே பேசுவார்கள்.

வேப்பங்கொழுந்து

தாழம்பூ, அந்தத் தண்ணீர் விஷயம் நானும் என் மருமகளுக்குச் செய்தேன். வயிறு பெருத்துவிடும் என்று என் மாமியார் சொன்னதை அப்படியே செய்தேன். அவள் ராத்திரியில் திருட்டுத்தனமாகக் குடித்திருக்கிறாள், நேற்றுத்தான் கேட்டேன், சொன்னாள்.

சுங்குடி

நொய்யல்கரை, நீங்கள் பனியன் கம்பெனி என்றதால் இது. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருந்து, முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் (ஆறு மாதம் ஒரு காலம்) 70 நாள் கட்டியிருந்தால் 26 வாரத்துக்குச் சம்பளம் ஈ.எஸ்.ஐ.யிலிருந்து வரும். பேறுகால விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நிறுத்தக்கூடாது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்பது 2017-இல் சட்டத்தில் சேர்ந்தது. பீஸ் ரேட்டில் கணக்கில்லாமல் வேலை செய்கிறவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைப்பதில்லை, அதுதான் பெரிய அநியாயம். அவர்கள் கிராம செவிலியரிடம் சீக்கிரமே பதிந்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவி வாங்கலாம். பணமும் ஊட்டச்சத்துப் பெட்டியும் சேர்த்து 18,000 ரூபாய், முதல் இரண்டு பிரசவத்துக்கு. மூன்றாவது குழந்தைக்கு விடுப்பில்லை என்று சொல்லப்பட்ட தர்மபுரி பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 மே மாதம் ஜெயித்தார். மகப்பேறு விடுப்பு ஒரு பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு சேர்ந்தது என்று நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள்.

நொய்யல்கரை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோர் எழுதியதையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கத்தரிச் சத்தம் வரைக்கும் வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் வெளியே பெஞ்சில உக்காந்து சஷ்டி கவசம் சொல்லிட்டிருந்தேன், உள்ள வரணும்னே எனக்குத் தோணலையே" என்றார்.

ஒரு நோட்டுத் தாளில் ஐந்து வரி எழுதினேன். அம்மா கூட இருக்க வேண்டும். படுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. வெட்டு, ஊசி எதுவானாலும் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். காப்பர்-டி வேண்டாம். குழந்தையை உடனே நெஞ்சில் போட வேண்டும். முதலில் பழைய இடத்துக்கே போனேன். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "நீங்களே பிரசவம் பார்த்துக்கறீங்களா?" என்று திருப்பிக் கொடுத்தார். அழாமல் வெளியே வந்துவிட்டேன்.

அப்புறம் அரசு மருத்துவமனை. அங்கே இருந்த லேடி டாக்டர் இரண்டு தரம் படித்தார். "முதல் பிரசவத்தில் என்னாச்சு?" என்று கேட்டார். சொன்னேன். நாலு வரிக்குச் சரி என்றார். வலி தொடங்கியதும் கொஞ்ச நேரம் மட்டும் குழந்தையின் துடிப்பு பார்க்கப் படுக்க வேண்டியிருக்கும், மற்ற நேரம் நடக்கலாம் என்றார். தாளை என் பேறுகால அட்டையோடு சேர்த்துப் பின் அடித்துவிட்டார். கணவர் கூட இருந்தார், அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் என்னிடம்தான் பேசினார்.

சுத்தமான துணி என்று இரவுப்பணி அக்கா எழுதியிருந்தார்களே. அம்மா தன் வெளுத்த நூல் சேலை ஒன்றைத் துவைத்து, வெயிலில் காயவைத்து, மடித்துப் பையில் வைத்துவிட்டார். பாப்பாவின் துணிக்கு மேலே இருக்கிறது. அக்கா, வேறு என்ன எடுத்துப் போக வேண்டும்?

இரவுப்பணி

பேறுகால அட்டை, ஆதார், பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதியும்போது கொடுப்பது), ஸ்கேன் ரிப்போர்ட். பிக்மி எண் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டிவரும். ஃபிளாஸ்கில் வெந்நீர். பழைய பருத்தித் துணி நிறைய. அம்மாவுக்கும் சாப்பிட ஏதாவது கட்டிக்கொள்ளச் சொல்லு, ராத்திரி முழுக்க உன் பக்கத்தில் நிற்கப் போகிறார்.